பதிவு செய்வது தவமணி

செய்தி வந்தபோது நான் கொழும்பில், வேலை செய்யும் அலுவலகத்தின் கணினி அறைக்குள் நின்றிருந்தேன். குளிரூட்டியின் இரைச்சலில், என் பழைய முதலாளி நசீர் நானாவின் குரல் தொலைபேசியில் பாதிதான் கேட்டது.

"மகன், தவமணி தங்கச்சி போயிட்டா."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன். சண்டை முடிந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருகோணமலையில் ஒருவர் போய்விட்டார் என்றால் எங்கே, யார் கொண்டுபோனது என்றுதான் முதலில் கேட்டுப் பழகியிருந்தோம். நானா, "மவுத்தாப் போயிட்டா மகன். கடையிலதான். நெஞ்சு நோகுதெண்டு கதிரையில இருந்தா. ஹெட்போனைக் கழட்டக்கூட இல்ல" என்றார்.

மறுநாள் பகல்தான் பஸ் எடுக்க முடிந்தது. ஹபரணையில் நின்றது, கந்தளாயில் நின்றது, இடையில் காரணமில்லாமல் இன்னும் இரண்டு இடத்தில் நின்றது. நான் போய்ச் சேரும்போது தகனம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். வாசலில் அடுக்கிய வாடகைக் கதிரைகளுக்குப் பக்கத்தில் தவமணி அக்காவின் தங்கை இந்திராணி நின்றார்.

"கொம்பியூட்டர் தம்பி, நீதானே அவவோட வேலை செய்தனீ. முப்பத்தொண்டாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். நீ ஒரு கட்டுரை தா" என்றார். நான் சரி என்றேன். திரும்பிப் போனவர் மறுபடியும் வந்தார். "வடிவா எழுது. ஆனா அந்தப் பேப்பர்க் கதையை மட்டும் எழுதாத. செத்த மனிசின்ர மடத்தனத்தை ஏன் ஊருக்குச் சொல்லுவான்?"

நான் எழுதப்போவது அந்தப் பேப்பர்க் கதையைத்தான். இந்திராணி அக்கா மன்னிக்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் நேரில் வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் அந்த மடத்தனம் தவமணி அக்காவுடையது அல்ல.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்துறைமுகத்துக்குப் போகும் தெரு ஒன்றில் நசீர் நானாவின் ஒலிபெருக்கிக் கடை இருக்கிறது. கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விழா, கிறிஸ்தவர்களின் நத்தார் கரோல், எதுவானாலும் அங்கிருந்துதான் ஹோன் ஒலிபெருக்கியும் மைக்கும் போகும். அக்காவின் கணவர் கம்பத்தில் ஏறி ஹோன் கட்டுகிறவர். அக்கா கீழே அம்பிளிஃபயர் முன்னால் இருப்பார். கணவர் காலமான பின்பு கம்பத்துக்கு வேறு ஆள் வந்தார். அம்பிளிஃபயர் முன்னால் மட்டும் கடைசிவரை அக்காதான். குச்சவெளியிலோ கிளிவெட்டியிலோ புதிதாய்க் கடைக்கு வேலை சொன்ன கோயில்காரர் ஒரு பெண் வான் வண்டியில் இருந்து இறங்கி மைக்கைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு முழிப்பார்களாம். "என்னைப் பாக்காதேங்கோ, சத்தத்தைக் கேளுங்கோ" என்பாராம்.

நிகழ்ச்சிகளை அவர் கசெட்டில் பதிவும் செய்தார். பதிவை ஆரம்பிக்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி நின்று தணிந்த குரலில் "ஒண்டு, ரெண்டு" என்று சொல்லி, திகதி, நேரம், இடம், வாசிப்பவர் பெயர் சொல்லி, "பதிவு செய்யிறது தவமணி" என்று முடிப்பார். உறையில் எழுதிய மை கடல் காற்றுக்கு அழிந்துவிடும், ஈரத்துக்கு ஒட்டிய தாள் கழன்றுவிடும், உள்ளே சொன்னது போகாது என்பது அவர் கணக்கு. இதை அவர் தலைப்பு என்று சொல்வார்.

நான் அங்கே சேர்ந்தது தொழில்நுட்பக் கல்லூரி முடித்த கையோடு. மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். நானாவின் அலுமாரிகளில் இருந்த கசெட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பதிவுக்கும் தாளவேகம், சுருதி, ஒலியளவு கண்டுபிடித்து, அதை அந்தக் கோப்புக்குள்ளேயே குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். சுவாமி வெளிவீதி வரும்போது போட விறுவிறுப்பான நாதஸ்வரம் வேண்டுமென்றால் தட்டிய உடனே வர வேண்டும். கேட்டுக் கேட்டு எழுதினால் பத்து வருடம் ஆகும். நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அது பாட்டை மனிதன் கேட்பதற்கு முதலே அளந்துவிடும்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் சுருதி விழுந்தது. அதற்கு முன்பே "ஒண்டரைக் கட்டை" என்றார். திரையைப் பார்த்தேன். ஒன்றரைக் கட்டைதான்.

"குருட்டு வாய்ப்பு" என்றேன்.

"அடுத்ததைப் போடு."

பதினான்கு பாட்டுப் போட்டோம். பதின்மூன்று சரி. பதினான்காவதில் கணினிதான் பிழை. கசெட் மெதுவாக ஓடிய பதிவு அது என்று அக்கா சொன்னார், நானும் பிறகு சரிபார்த்தேன். எனக்குச் சரியான எரிச்சல்.

"உங்களுக்கே தெரியுமெண்டா நான் எதுக்கு?"

"நான் நித்திரை கொள்ளுவன், அது கொள்ளாதே. அதுக்குத்தான்" என்றார்.

எங்களுடைய முதல் பெரிய சண்டை தலைப்பில் வந்தது. பாட்டைத் தேடிப் போட்டவுடன் "ஒண்டு, ரெண்டு" என்று ஒரு குரல் ஹோனில் கேட்டால் சனம் சிரிக்கும். இசை பலமாக எழும் இடம்வரை முன்னால் உள்ளது எல்லாவற்றையும் வெட்டும்படி புரோகிராமில் ஒரு விதி போட்டேன். சொன்ன விபரங்களை நான் தனியாக எழுதிக்கொண்டேன். அதனால் தொழில்நுட்பப்படி ஒன்றும் இழக்கப்படவில்லை.

"என்ர தலைப்பை வெட்டிப்போட்டாய்" என்றார் அக்கா.

"பாட்டுக்கு முன்னால நீங்கள் கதைக்கிறது ஆருக்கு வேணும் அக்கா? விபரம் எல்லாம் குறிப்பில இருக்கு."

"ஓம். விபரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். ஏற்றி முடித்த கசெட்டுகளை மூன்று சாக்கில் கட்டிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தனுப்பினோம். அனுப்பியது நான்தான். அலுமாரிக்கு இடம் வேண்டும் என்று நானாவை அவசரப்படுத்தியதும் நான்தான்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஒலியளவை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பின்பும் சில பதிவுகள் நுளம்பு பாடுகிற மாதிரி மெலிந்து கேட்டன. ஒரு கோயிலில் நாதஸ்வரம் ஹோனில் கேட்கவே இல்லை என்று ஆட்கள் கடைக்கு வந்து ஏசினார்கள். இரண்டு நாள் திரையில் ஒலியலைக் கோடுகளையே பார்த்தேன். ஒவ்வொரு பதிவிலும் எங்கேயோ ஓர் ஊசி முனை மாதிரி உயரமான ஒலி. புரோகிராம் அதை அளவாக எடுத்து மிச்சம் முழுவதையும் அமுக்கியிருந்தது. கசெட் டெக் பழுது என்று முடிவுகட்டி அதைக் கழற்றினேன்.

அக்கா ஹெட்போனை வாங்கி ஒரு தடவைதான் கேட்டார்.

"டெக்கைத் திரும்பப் பூட்டு. இது துறைமுகம்."

எங்களூர் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில், தண்ணீருக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடாமல் இருக்கத் துறைமுகத்துக்குள் சின்னக் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நிலத்துக்கடியில் யாரோ கதவைச் சாத்துவதுபோல ஒரு சத்தம். சிலவேளை பத்து நிமிடத்துக்கு ஒன்று, சிலவேளை அரை மணிக்கு ஒன்று. நாங்கள் அதைக் கேட்பதை நிறுத்திப் பல காலம். மைக் நிறுத்தவில்லை.

அக்காவும் நிறுத்தவில்லை. தலைப்பு விழாத, பெயர் தெரியாத கசெட்டுகளை அவர் இதை வைத்துத்தான் பிரித்தார். "இதைச் சல்லிக் கோயில் எண்டு எழுதியிருக்கு. சல்லி தூர ஊர், அங்க இவ்வளவு கிட்டக் கேக்காது. இது டவுன்." நான் அசந்துபோனேன். கணினிக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று உடனே பட்டது. குண்டுச் சத்தத்தைக் கண்டுபிடித்து அதன் பலத்தை அளந்தால் பதிவான இடமே தெரிந்துவிடும். அப்படி யார் செய்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை.

"அக்கா, குறிப்பில குண்டு எண்டு ஒரு புது இடம் திறக்கிறன். எத்தினையாம் நிமிசம், எத்தினையாம் செக்கன், எல்லாம் விழும்."

அக்காவின் முகம் மாறியது. "வேண்டாம்."

"ஏன்?"

"கேக்கிறது எல்லாத்தையும் எழுதுறேல்ல தம்பி."

"நீங்களும்தானே அதைக் கேட்டுப் பிரிக்கிறியள்!"

"நான் காதுக்குள்ள வைச்சிருக்கிறன். காதைத் திறந்து பாக்க ஏலாது."

நான் கேட்கவில்லை. அவருக்குக் கணினி விளங்காது என்று நினைத்தேன். விளங்காதது எனக்குத்தான். நான்கு நாளில் புரோகிராம் எழுதினேன், அது அருமையாக வேலை செய்தது. பார்க்க ஆசையாக இருந்தது. பிரிண்ட் எடுத்தேன். பதினொரு பக்கம். திகதி, இடம், பதிவு தொடங்கிய நேரம், குண்டு விழுந்த நேரம், பலம். பெயர் எதுவும் போடவில்லை. மேசையில் நானா பார்க்கும்படி வைத்தேன்.

நானா பார்க்கவில்லை. மறுநாள் காலை பத்து, பத்தரை இருக்கும். தெரு முழுக்கப் படையினரின் சோதனை. எங்கள் கடைக்குள் நான்குபேர் வந்தார்கள். நான் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மேசைக்குப் போனார். தாளை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். இன்னொருவரைக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்தவர் அவர்.

"இது யாருடைய வேலை?"

நானா தாளை அப்போதுதான் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. வருடக்கணக்காகத் துறைமுகத்தில் எந்த நேரம் குண்டு போடப்பட்டது, எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்று திகதி வாரியாக ஒரு பட்டியல். அதைத் தவிர அந்தத் தாளில் வேறு எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"அது என்ர" என்றார் அக்கா. பின்னறையில் இருந்து, கழுத்தில் ஹெட்போனோடு வந்து நின்றார். "பாட்டுக்குள்ள விழுந்த சத்தத்தைக் கணக்கெடுத்தனான். இதாலதான் பாட்டுப் பழுதாப் போகுது."

"கொம்பியூட்டர் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலே அதுக்கு முன்னால இருக்கிறன்?"

"இவர் யார்?" ஏணியைக் காட்டினார்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வயர் பூட்ட வந்த பெடியன். டேய், மற்றப் பக்கத்து வயரையும் இழு."

நான் இழுத்தேன்.

செய்து காட்டச் சொன்னார்கள். புரோகிராமை எப்படி இயக்குவதென்று அவருக்குத் தெரியாது. அவர் ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டு, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வாசிப்பு போய்க்கொண்டேயிருந்தது. "இப்ப" என்றார். ஒலிபெருக்கியில் 'தும்' என்று விழுந்தது. அவர்களில் இளையவர் சிரித்துவிட்டார். இன்னொரு பதிவு. விரல். "இப்ப." தும். தாளைப் பார்த்தார்கள். செக்கன் பிசகாமல் சரியாக இருந்தது. இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டுப் போவார்களா? கூட்டிக்கொண்டு போனார்கள். கணினியையும் கொண்டுபோனார்கள். போகும் முன் அக்கா ஹெட்போனைக் கழற்றி என் கையில் தந்து, "வயரைச் சுருட்டாத, முறிஞ்சுபோகும்" என்றார்.

பத்தொன்பது நாள். நானா தினமும் யாரையாவது பிடித்து எங்கேயாவது போய் நின்றார். பள்ளிவாசல் மௌலவி போனார், கோயில் தலைவர் போனார், பாதிரியார் ஒருவர் போனார். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இவர் பாட்டுப் பதிவு செய்கிற ஆள். நான் எங்கேயும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நானாவிடம் சொன்னேன். "அவ வெளியில வரட்டும் மகன், நீங்க உள்ள போனா ரெண்டு பேரையும் தேடணும்" என்றார். நான் அதைச் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்காவின் வீட்டையும் கிண்டிப் பார்த்தார்கள். அப்போது இந்திராணி அக்கா இரண்டு பிள்ளைகளோடு அங்கே இருந்தார். "தேவையில்லாத எழுத்து எழுதி எங்களையும் மாட்டிவிடப் பாத்தாய்" என்று ஏசி, அக்கா வந்த பின்பு மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஒரு சொல்லில் அக்கா அதைத் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை.

இருபதாம் நாள் காலை கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். இடது பக்கம் நின்று பேசினால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"முதலாம் பக்கத்தில ரெண்டு பிழை."

"என்னக்கா?"

"ஆறாவது வரி குண்டில்ல, தவில்காரன் தவிலைக் கீழ வைக்கிற சத்தம். பதினோராவது தேங்காய் உடைக்கிறது. பத்தொன்பது நாளும் உன்ர பேப்பரைத்தான் படிப்பிச்சவங்கள். வரி வரியாக் கேட்டவங்கள். உன்ர பிழைக்கும் நான்தான் காரணம் சொன்னனான்."

நானா சிரித்தார், அக்காவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நான்..." என்று தொடங்கினேன்.

"உன்னைக் கொண்டுபோயிருந்தா நீ திரும்பி வந்திருக்கமாட்டாய். உன்ர வயசு அப்பிடி. நான் வந்திட்டன்தானே? கதையை விட்டிட்டு அந்தக் குண்டு எல்லாத்தையும் அழி."

அழித்தேன். கணினி திரும்பி வரவில்லை. ஆனால் பாட்டுக் கோப்புகளின் பிரதி ஒன்று நானாவின் கின்னியா வீட்டில் இருந்தது. அதில் குண்டு என்ற இடத்தையே எடுத்துவிட்டேன். சில மாதங்களில் கொழும்பில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். அக்கா ஒற்றைக் காதால் மிச்சப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எப்போதாவது தொலைபேசியில் வருவார். "உன்ர கொம்பியூட்டர் ஒரு கரோலை ஒப்பாரிக்குள்ள போட்டிருக்கு" என்பார். வேலையாக இருக்கிறேன் என்பேன். வேலை இல்லாதபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் குரல் கேட்டால் ஏணியில் நிற்பதுபோல இருக்கும்.

இப்போது கட்டுரையோடு இந்திராணி அக்கா இன்னொன்றும் கேட்டார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் அக்காவின் குரலை ஒரு தடவை போட வேண்டுமாம். "எத்தினை கசெட்டில கதைச்சிருப்பா. ஒண்டு எடுத்துத் தா."

ஒன்றும் இல்லை. எல்லாத் தலைப்பையும் வெட்டியது நான். கசெட்டுகளைச் சாக்கில் கட்டியதும் நான். கடையில் இருந்து நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகளையும் முதல் அடி விழும்வரை மட்டும் தட்டித் தட்டிப் பார்த்தேன். தவில், தவில், மிருதங்கம், பிள்ளைகளின் சேர்ந்திசை. என் விதி பிசகாமல் வெட்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. பலமான ஒலி வரும்வரை வெட்டு என்றுதானே எழுதினேன். அந்த முதல் ஒலி இசையாக இல்லாமல் இருந்தால்?

அழித்த புரோகிராமை மறுபடியும் எழுதினேன். குண்டில் தொடங்கும் பதிவு இருக்கிறதா என்று தேடவிட்டேன்.

ஒன்று இருந்தது. ஒரே ஒன்று.

'தும்' என்று விழுகிறது. ஒரு காகம் கத்துகிறது. பிறகு கொஞ்சம் தள்ளி, தணிந்த குரல்: "ஒண்டு, ரெண்டு. ஆரப்பா அது கதிரை இழுக்கிறது, கொஞ்சம் பொறுங்கோ." யாரோ சிரிக்கிறார்கள். திகதியும் நேரமும் சொல்கிறார். கோயில் பெயர் சொல்கிறார். வித்துவான் பெயரைச் சொல்லப் போய் மறந்து, பக்கத்தில் கேட்டுச் சொல்கிறார். "பதிவு செய்யிறது தவமணி." அதற்குப் பிறகு நாதஸ்வரம். ஒன்றரைக் கட்டை.

இந்திராணி அக்கா, இதை உங்களிடம் வாசிக்கும்போது என் குரல் எப்படி வரும் என்று தெரியாது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும். அந்தப் பதினொரு பக்கமும் நான் எழுதியது. வேண்டாம் என்று உங்கள் அக்கா சொன்ன பின்பு எழுதியது. மூன்று மாதம் நீங்கள் அவரோடு கதைக்காமல் இருந்தது எனக்குரிய தண்டனை. அதையும் அவர் தன் பெயரில் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோப்பை இன்று மதியம் ஒழுங்குபடுத்தினேன். முன்னால் ஒரு செக்கன்கூட வெட்டவில்லை. குண்டு என்ற இடத்தை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் மறுபடியும் திறந்து, முதலாம் செக்கன் என்று போட்டேன். அதற்குக் கீழே, அன்று வெறுமையாக விட்ட இடத்தில், குறித்தவர் ரஜீவன் என்று என் பெயரை எழுதினேன்.

போய்வாருங்கள் அக்கா. வயரைச் சுருட்டாமல்தான் வைத்திருக்கிறேன்.